விண்டோஸ் போடும்போது எஸ்எஸ்டி தெரியவில்லையா? அவசரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் அக்கா மகள் தன் கல்லூரி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசஸர், 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சேமிப்பு டிரைவ்). பென் டிரைவில் பூட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடப் பார்த்திருக்கிறாள், டிரைவ் பட்டியல் வரவேண்டிய கட்டம் வெறுமையாக இருந்திருக்கிறது, கீழே டிரைவரை லோட் செய்யச் சொல்லி ஒரு வரி மட்டும். பக்கத்துக் கடையில் காட்டியதற்கு "எஸ்எஸ்டி போயிடுச்சும்மா, மாத்தணும்" என்றார்களாம். "மாமா, காலைல வரைக்கும் இதுலதானே விண்டோஸ் ஓடுச்சு?" என்று கேட்டாள். அவள் கேட்டதுதான் சரியான கேள்வி.

இன்ஸ்டாலரில் தெரியாத டிரைவ் எல்லாம் செத்த டிரைவ் இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது அந்த முடிவுக்கு வருவதுதான். அதற்கு முன் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் கம்ப்யூட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள் (ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் அழுத்த வேண்டும், கம்பெனிக்கு ஏற்ப மாறும்). அங்கே எஸ்எஸ்டியின் பெயர் தெரிந்தால் டிரைவ் அநேகமாக நன்றாகத்தான் இருக்கிறது, இன்ஸ்டாலருக்குத்தான் அதை எட்டத் தெரியவில்லை. அங்கேயும் தெரியவில்லை என்றால்தான் திருகாணியைக் கழற்ற வேண்டிய வேலை.

11ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல இன்டெல் லேப்டாப்புகளில் விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகியே வருகிறது. பிராசஸருக்குள் இருக்கும் இந்தப் பகுதி என்விஎம்ஈ எஸ்எஸ்டியை (இப்போது லேப்டாப்புகளில் வரும் வேகமான வகை) தன் பின்னால் வைத்துக்கொள்கிறது. அதற்கான டிரைவர் இன்ஸ்டாலரிடம் இல்லையென்றால் பின்னால் இருக்கும் எஸ்எஸ்டி அதன் கண்ணுக்கே படாது. லேப்டாப்போடு வந்த விண்டோஸில் கம்பெனிக்காரர்கள் அந்த டிரைவரைச் சேர்த்தே கொடுத்திருப்பார்கள், அதனால்தான் காலை வரை ஓடியது.

அப்புறம் வருவது டிரைவர் விஷயம், இங்கேதான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். விஎம்டிக்கான டிரைவர் அடங்கிய இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை டவுன்லோட் செய்து, வந்த இஎக்ஸ்இ ஃபைலையோ ஜிப்பையோ அப்படியே பென் டிரைவில் போட்டுவிட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்தால் ஒன்றும் வரவில்லையே என்பார்கள். வராது. இன்ஸ்டாலர் தேடுவது அவற்றுக்குள் இருக்கும் ஐஎன்எஃப் ஃபைலை, அதாவது டிரைவரை எப்படிப் போடுவது என்று சொல்லும் ஃபைலை. ஜிப் என்றால் வேறு கம்ப்யூட்டரில் பிரித்து அந்த ஃபோல்டரைப் போடுங்கள். இன்டெல் தரும் செட்டப் ஃபைல் என்றால் அதைக் கமாண்ட் பிராம்ப்டில் 'எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்' ஆப்ஷனோடு ஓட்டினால் உள்ளே இருக்கும் டிரைவர்கள் தனி ஃபோல்டராக வெளியே வரும். அதற்குள் விஎம்டி என்று பெயர் வரும் ஃபோல்டரை பிரவுஸ் செய்து காட்டுங்கள். அவள் லேப்டாப்பில் 'விஎம்டி கன்ட்ரோலர் 9ஏ0பி' என்ற வரி வந்தது, அதைத் தேர்ந்து நெக்ஸ்ட் கொடுத்த சில நொடிகளில் 512 ஜிபி எஸ்எஸ்டி பழைய பார்ட்டிஷன்களோடு அப்படியே வந்து நின்றது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். டிரைவரை எடுக்கும்போது உங்கள் மாடலுக்கான சப்போர்ட் பக்கத்திலிருந்தே எடுங்கள், தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

இன்னொரு வழி, பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்வது. ஏசர் லேப்டாப்புகள் சிலவற்றில் அந்த ஆப்ஷனே மறைந்திருக்கும், மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தினால்தான் தெரியும். டிரைவை முழுக்க அழித்துப் போடப் போகிறீர்கள் என்றால் ஆஃப் செய்வது சுலபம். ஆனால் பழைய விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் உபுண்டு (ஒரு லினக்ஸ்) போட நினைப்பவர்கள் யோசிக்காமல் இதைத் தொடாதீர்கள்! மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் நீலத் திரையில் போய் நிற்கலாம், டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆன் ஆகி இருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். அந்தக் கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து எழுதி வையுங்கள். நீலத் திரை வந்துவிட்டால் பயந்து ஃபார்மேட் செய்ய வேண்டாம், செட்டிங்கைப் பழையபடி மாற்றினால் பெரும்பாலும் திரும்ப ஓடும்.

'மீடியா டிரைவர் இல்லை' என்று ஒரு எரர் வரும், அதையும் எஸ்எஸ்டி தலையில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பென் டிரைவ் சரியாகத் தயாராகாததாலோ யூஎஸ்பி போர்ட்டாலோ வருவது. வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள், முடியாவிட்டால் பென் டிரைவைத் திரும்பத் தயார் செய்யுங்கள்.

டிரைவ் தெரிகிறது, ஆனால் எம்பிஆர் (டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் பழைய முறை) என்று சொல்லி இன்ஸ்டால் செய்ய மறுக்கிறது என்றால் அது வேறு கதை. அப்போது யூடியூபில் பார்த்து ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தி, டிஸ்க்பார்ட் என்ற கருவியில், டிஸ்க்கையே காலியாக்கும் 'க்ளீன்' கட்டளையை அடித்துவிடுவார்கள். இதைத்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன், 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து எத்தனை ஜிபி என்று பார்க்காமல் எந்த எண்ணையும் செலக்ட் செய்யாதீர்கள். டெஸ்க்டாப்பில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதில் பத்து வருடக் குடும்பப் படங்கள் இருந்தால், ஒரு எண் மாறினால் போதும், க்ளீன் "உறுதியா?" என்று கேட்கவே கேட்காது. முடிந்தால் மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

பயாஸிலேயே தெரியவில்லை என்றால், புதிதாக வாங்கிய எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராகச் செருகும் மெல்லிய அட்டை வடிவம்) பழைய சாட்டா வகையா என்விஎம்ஈயா என்று பாருங்கள். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் என்விஎம்ஈ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா எஸ்எஸ்டி எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் தெரியாது. டெஸ்க்டாப் போர்டுகள் சிலவற்றில் எம்.2 மாட்டியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் வேலை செய்யாமல் போகும், எந்தெந்தப் போர்ட் என்பது மேனுவலில் இருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் காணாமல் போன பழைய ஹார்ட் டிஸ்க் திரும்ப வந்துவிடும்.