பக் டிராக்கரில் வந்து சேரும் கேள்விகள்: மெயின்டெய்னர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தத் திறமூல மென்பொருளின் பக் டிராக்கரை, அதாவது பக்குகளை (மென்பொருள் பிழைகளை) பதிவு செய்யும் தளத்தைத் திறந்தாலும், ‘இன்ஸ்டால் ஆகவில்லை, என்ன செய்வது?’, ‘இந்த வசதி எங்கே இருக்கிறது?’ போன்ற கேள்விகள் பக்குகளோடு கலந்து கிடக்கும். கேட்பவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உதவி தேடி வந்தவர் கண்ணில் பட்ட இடத்தில் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு நடப்பது மெயின்டெய்னர், அதாவது அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் கையில்தான் இருக்கிறது.

அதிகம் நடக்கிற தவறு நல்ல மனசால் நடப்பது. ‘இரண்டு வரியில் முடிகிற விஷயம்தானே’ என்று கேள்விக்கு அங்கேயே பதில் எழுதிவிடுகிறோம். அடுத்தவர் கூகுளில் தேடும்போது அந்த இஷ்யூ (டிராக்கரில் உள்ள பதிவு) கிடைக்கும். ஓ, இங்கே கேட்டால் பதில் வரும் என்று அவரும் புதிதாக ஒன்று திறப்பார். ஒவ்வொரு கேள்வியும் பதிலும் அந்த புராஜெக்ட்டை வாட்ச் செய்யும் எல்லோருக்கும் மெயிலாகப் போகும். சலித்துப்போய் அறிவிப்புகளை அணைத்துவிடுபவர்கள், அடுத்து வரும் உண்மையான கிராஷ் (மென்பொருள் திடீரென மூடிக்கொள்வது) பற்றியும் அறியாமல் போவார்கள். இன்னொன்று, பயன்படுத்துவது பற்றிய கேள்விக்குச் சிறப்பாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் பழகிய பயனர்கள்தான். அவர்கள் டிராக்கர் பக்கமே வருவதில்லை. அதனால்தான் ஃபயர்ஃபாக்ஸுக்கு பக்ஸில்லா என்ற பக் டிராக்கர் ஒரு பக்கமும் உதவித் தளம் தனியாகவும் இருக்கின்றன. லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளும் அப்படியே. மென்பொருள் நிரல்களை வைத்துக்கொள்ளும் கிட்ஹப் தளத்தில் இருக்கும் புராஜெக்ட்டுகளுக்கு 2021 முதல் டிஸ்கஷன்ஸ் என்ற கலந்துரையாடல் வசதி முழுமையாகக் கிடைக்கிறது. இஷ்யூவாக வந்த கேள்வியை மெயின்டெய்னரே அங்கே மாற்றிவிடலாம், கேட்டவர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான தவறு, கதவை முகத்தில் சாத்துவது. ‘இது பக் அல்ல. மூடப்பட்டது.’ அவ்வளவுதான் பதில். இதைப் படிப்பவர் அந்த மென்பொருளை விட்டே போய்விடலாம். நாளைக்கு உண்மையான பக் கண்ணில் பட்டாலும் சொல்ல மாட்டார். இதே முடிவைத்தான் இப்படியும் சொல்லலாம்: ‘வணக்கம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அமைப்பு சார்ந்த விஷயம் போலத் தெரிகிறது. இதற்கு உதவக்கூடியவர்கள் உதவித் தளத்தில் இருக்கிறார்கள், சுட்டி கீழே. இங்கே பக்குகளை மட்டும் வைத்துக்கொள்வதால் இதை மூடுகிறேன். பக் என்று தெரியவந்தால் இங்கேயே எழுதுங்கள், மறுபடி திறந்துவிடலாம்.’ ஜாங்கோ என்ற வலைத்தள மென்பொருள் கட்டமைப்பின் குழு இதற்கென்றே ஒரு விக்கி பக்கத்தை எழுதி வைத்திருக்கிறது. மூடும்போது அதன் சுட்டியைக் கொடுத்தால் போதும். களைத்துப்போன நேரத்தில் எழுதும் பதிலில் கடுமை எட்டிப்பார்க்கும் என்பதால், இந்த வரிகளை முன்கூட்டியே எழுதி வைப்பது மிகவும் நல்லது.

மூன்றாவது தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது: கேள்விக்குறியைப் பார்த்ததும் ‘இது சப்போர்ட் கேள்வி’ என்று முடிவு கட்டிவிடுவது. ‘ஃபைலை சேவ் செய்வது எப்படி? சேவ் அழுத்தினால் மூடிக்கொள்கிறது’ என்று ஒருவர் எழுதினால், வடிவம் கேள்வி, விஷயம் கிராஷ். பயனர்கள் தங்கள் மேல்தான் தவறு இருக்கும் என்ற எண்ணத்தோடு தயங்கித் தயங்கி எழுதுகிறார்கள். நாம்தான் உள்ளே பார்க்க வேண்டும். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்தப் படிகளில் நடக்கிறது என்று குறிப்பாகக் கேளுங்கள். ‘கூடுதல் விவரம் தேவை’ என்று மொட்டையாக எழுதினால் எந்த விவரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? லிப்ரே ஆஃபிஸ் என்றால், ஹெல்ப் மெனுவில் சேஃப் மோடில் மறுபடி தொடங்கும் வழி இருக்கிறது. அதில் சிக்கல் வரவில்லை என்றால் பெரும்பாலும் அவருடைய புரொஃபைலிலோ எக்ஸ்டென்ஷனிலோதான் கோளாறு. சேஃப் மோடிலும் வந்தால் பக்காக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

பக்கே இல்லாத கேள்வியும் எதையோ சொல்லும். லிப்ரே ஆஃபிஸின் ரைட்டரில் தமிழில் எழுதுபவர், ‘டீஃபால்ட் ஃபான்ட்டை மாற்றினேன், ஆங்கிலம் மட்டும் மாறுகிறது, தமிழ் அப்படியே இருக்கிறது’ என்று கேட்கலாம். மென்பொருள் எழுதப்பட்டபடியேதான் வேலை செய்கிறது. மேற்கத்திய எழுத்துகளுக்கு ஒரு ஃபான்ட், தமிழ், இந்தி, அரபி போன்ற எழுத்துகளுக்கு இன்னொரு ஃபான்ட் என்று அது தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. அமைப்புகளில் இரண்டாவதுக்கான பக்கத்தின் பெயரில் இருப்பது ‘சிடிஎல்’ (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) என்ற சுருக்கம். தமிழில் கடிதம் எழுத வந்தவர் ‘சிடிஎல்’ என்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்? இதே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், பதில் சொல்லி மூடுவது போதாது. அந்தக் கேள்விகளின் சுட்டிகளை எல்லாம் சேர்த்து, இடைமுகத்தையோ கையேட்டையோ திருத்தச் சொல்லி நீங்களே ஓர் இஷ்யூ திறக்க வேண்டும். கேள்விகளைத் தடயம் இல்லாமல் மூடிக்கொண்டே போகும் புராஜெக்ட், தன் பயனர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதை அறியவே முடியாது.

இஷ்யூ டெம்ப்ளேட்டில் (நிரப்பச் சொல்லும் படிவத்தில்) இருபது கட்டங்கள் வைத்துக் கேள்விகளைத் தடுக்கலாம் என்று நினைப்பதும் வேண்டாம். அவசரத்தில் வருபவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு வரி எழுதுவார். கிட்ஹப்பில் புது இஷ்யூ திறக்கும் பக்கத்திலேயே ‘கேள்வியா? இங்கே போங்கள்’ என்று வெளிச் சுட்டி வைக்கலாம், வெற்று இஷ்யூவை அணைக்கவும் செய்யலாம். அதுவே பாதி வேலையைக் குறைத்துவிடும்.

நீண்ட நாள் அசையாத இஷ்யூக்களைத் தானாக மூடும் ஸ்டேல் பாட் விஷயத்திலும் கவனம் தேவை. கிட்ஹப்பின் ஸ்டேல் ஆக்‌ஷன், மாற்றாமல் விட்டால், 60 நாள் அசைவில்லாத இஷ்யூவுக்கு ‘ஸ்டேல்’ என்று லேபிள் ஒட்டி, மேலும் 7 நாளில் மூடிவிடும். பயனரிடம் விவரம் கேட்டு, அவர் பதில் சொல்லாதபோது இது நியாயம். அவர் எல்லாம் சொல்லிவிட்டு நமக்காகக் காத்திருக்கும்போது மூடுவது அநியாயம். ‘விவரம் தேவை’ லேபிள் உள்ளவற்றுக்கு மட்டும் பாட்டை ஓடவிடுங்கள்.

கடைசியாக, உதவி கேட்டு வருபவர்கள் லாக் ஃபைலை (மென்பொருள் தன் செயல்களைப் பதிவு செய்யும் கோப்பை) முழுசாக ஒட்டிவிடுவார்கள். அதில் பாஸ்வேர்டோ, பாஸ்வேர்டு போன்ற ரகசியச் சாவியான ஏபிஐ டோக்கனோ இருக்கலாம். கமென்ட்டைத் திருத்தி அழித்தால் சரியாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. கிட்ஹப்பில் திருத்த வரலாற்றில் பழைய வடிவம் தெரியும், அதையும் தனியாக நீக்க வேண்டும். அதற்குள் வாட்ச் செய்பவர்களுக்கெல்லாம் மெயில் போயிருக்கும். ஆகவே கேள்விக்குப் பதில் தேடுவதற்கு முன், அந்த டோக்கனை உடனே ரத்து செய்து புதிது எடுத்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லிவிடுங்கள்.