உள்ளங்கையில் ஆளை நிறுத்துமுன்: பார்வைக்கோணப் படப்போட்டிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்னேரம் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் போனால் இந்தக் காட்சியைக் காணலாம். ஒருவர் போனைப் பிடித்தபடி "இன்னும் பின்னால போ, இன்னும் கொஞ்சம்" என்று கத்துவார். தூரத்தில் ஒருவர் கைகளை விரித்துக்கொண்டு நிற்பார். இடையில் மூன்றாமவர் உள்ளங்கையை நீட்டியபடி, கை வலித்தாலும் அசையாமல் நிற்பார். கிட்ட இருப்பது பெரிசாகவும் தூரத்தில் இருப்பது சின்னதாகவும் தெரிவதை வைத்து, ஆளை உள்ளங்கைக்குள் அடக்குகிற விளையாட்டு இது. இப்படிப்பட்ட படங்களுக்கென்றே இணையத்தில் போட்டிகள் நடக்கின்றன. நான் சில வருடங்களாக அவற்றுக்குப் படம் அனுப்பி வருகிறேன். அனுப்புவதற்கு முன் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிற தம்பி தங்கைகளும் இருக்கிறார்கள். அவர்களின் படங்களில் திரும்பத் திரும்ப ஒரே பிழையைத்தான் பார்க்கிறேன். ஆட்களை முன்னும் பின்னும் நகர்த்துவதிலேயே நேரம் போய்விடுகிறது. கமரா எங்கே, எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. மற்றப் பிழைகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

முதலில் போட்டி விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கருப்பொருளில் "பார்வைக்கோணமும் அளவும்" என்று இருந்தால், உயரமான இடத்தில் ஏறி நின்று எடுத்த கடற்கரைப் படத்தைச் சிலர் அனுப்பிவிடுகிறார்கள். அழகான படமாக இருக்கலாம். ஆனால் அதில் அளவு ஏமாற்றப்படவில்லை, விளையாட்டும் இல்லை. இன்னொன்று, இரண்டு படங்களை ஒட்டி ஒன்றாக்குவதைப் பல போட்டிகள் ஏற்பதில்லை. கிட்டக் குவித்து (போகஸ் செய்து) ஒன்று, தூரம் குவித்து ஒன்று என எடுத்து இணைப்பதும் ஒட்டுவதுதான். செயற்கை நுண்ணறிவால் எதையாவது சேர்த்தாலோ நீக்கினாலோ நிராகரிக்கும் இடங்களும் உண்டு. விதிகளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்த பிறகு படமெடுக்கப் போங்கள்.

சரி, இனிக் கமராவுக்கு வருவோம்.

நமக்கு இரண்டு கண்கள். இரண்டும் சற்றே வேறு வேறு இடத்திலிருந்து பார்ப்பதால், எது கிட்ட, எது தூரம் என்று மூளை உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. கமராவுக்கு ஒரே கண். அதனால்தான் அதை ஏமாற்ற முடிகிறது. அமெரிக்கரான அடெல்பர்ட் ஏம்ஸ் அமைத்த புகழ்பெற்ற அறையும் இதே தத்துவம்தான். கோணலாகக் கட்டிய அந்த அறையை ஒரு சிறு துளை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தால், ஒரு மூலையில் நிற்பவர் பூதமாகவும் மறு மூலையில் நிற்பவர் குழந்தையாகவும் தெரிவார்கள். துளையை விட்டு விலகினால் அவ்வளவுதான், குட்டு உடைந்துவிடும். நம் படத்திலும் லென்ஸ் இருக்கிற அந்த ஒரு புள்ளிதான் துளை. ஆகவே ஆட்களை ஒழுங்குபடுத்தும்போது வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். திரையைப் பார்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் இருக்கும் இடத்தில் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள்.

அடுத்தது தொடுவானம். திருகோணமலையில் படமெடுப்பவர்களுக்கு இது வரமும்தான், தொல்லையும்தான். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடலும் வானமும் சேரும் கோடு கத்தியால் கீறினாற்போலத் தெரியும். சமதரையில் நின்று எடுக்கும்போது, அந்தக் கோடு எப்போதும் லென்ஸின் உயரத்திலேயே ஓடும். நீங்கள் நின்றபடி கண்ணுயரத்தில் போனைப் பிடித்தால், கிட்ட நிற்பவரின் கண்ணையும் தொடுவானம் வெட்டும், 20 மீற்றர் தள்ளி நிற்கும் அதே உயரமுள்ளவரின் கண்ணையும் வெட்டும். இருவரும் ஒரே மணலில் நிற்கிற ஒரே அளவு மனிதர்கள் என்று பார்ப்பவரின் மூளைக்கு அந்த ஒரு கோடே சொல்லிக்கொடுத்துவிடும். அதோடு அவர்களுக்கிடையில் கிடக்கும் 20 மீற்றர் மணலும், காலடித் தடங்களோடு அப்படியே தெரியும். அரக்கனும் குள்ளனுமாகக் காட்ட நினைத்தது அங்கேயே முடிந்துபோகும்.

லென்ஸை நிலத்தோடு இறக்குங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் கீழ்ப்பக்கம் வரும். மணலில் இருந்து ஒரு கை அளவு உயரத்தில் அதை வைத்துவிடலாம். இப்போது தொடுவானம் இருவரின் கணுக்காலுக்கருகில் போய்விடும். இடையில் கிடந்த மணல் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும். இருவரின் உடலும் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும். வேறு எதையும் மாற்றாமல், குனிந்து எடுத்ததாலேயே படம் நம்பும்படியாக மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தூரக் கணக்கு எளிதானது. உண்மை உயரம் 160 சென்ரிமீற்றர் உள்ளவர், நீட்டிய உள்ளங்கையில் 10 சென்ரிமீற்றர் பொம்மை போலத் தெரிய வேண்டும் என்று வையுங்கள். 16 மடங்கு சின்னதாக்க வேண்டும். உள்ளங்கை லென்ஸிலிருந்து 1 மீற்றரில் இருந்தால் ஆள் 16 மீற்றரில் நிற்க வேண்டும். உள்ளங்கை ஒன்றரை மீற்றரில் என்றால் 24 மீற்றர். காலடியால் அளந்து ஆளை அங்கே நிறுத்திவிட்டால் கத்துகிற வேலை பாதியாகக் குறையும். "சூம் பண்ணினால் வித்தியாசம் வருமா?" என்று கேட்பார்கள். வராது. ஒன்றுக்கொன்று உள்ள அளவு விகிதத்தைத் தீர்மானிப்பது கமரா நிற்கும் இடம் மட்டும்தான். சூம் பண்ணுவது அந்தப் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது போலத்தான். விகிதம் மாற வேண்டுமென்றால் நீங்கள் நடக்க வேண்டும்.

இங்கேதான் குவியம் குறுக்கே வரும். கிட்ட உள்ள கை தெளிவாகவும் தூரத்தில் உள்ள ஆள் மங்கலாகவும் இருந்தால், அவர் தூரத்தில் நிற்கிறார் என்பதை அந்த மங்கலே காட்டிக்கொடுத்துவிடும். போனின் போர்ட்ரெய்ட் முறை பின்னணியை வேண்டுமென்றே மங்கலாக்கும். ஆகவே இந்த விளையாட்டுக்கு அதைத் தொடவே கூடாது. போனின் பிரதான கமராவை ஏறக்குறைய 3 மீற்றரில் குவித்துப் பூட்டினால், ஒன்றரை மீற்றரிலிருந்து தொடுவானம் வரை ஓரளவு தெளிவாக இருக்கும். போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். இதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. படமெடுப்பவர் தன் மறு கையையே நீட்டினால் அது அரை மீற்றர், முக்கால் மீற்றருக்குள்தான் இருக்கும். அது இந்த எல்லைக்கு வெளியே. கையை நீட்ட வேறொருவர் வேண்டும், அவர் ஒன்றரை மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். பெரிய கமரா வைத்திருப்பவர்கள் லென்ஸை அகலமாகக் காட்டும் 18 மில்லிமீற்றரில் வைத்து, ஒளி புகும் துளையை எஃப் 11 என்ற சின்ன அளவுக்கு மூடி, ஒன்றரை மீற்றருக்குச் சற்று அப்பால் குவித்தால், 80 சென்ரிமீற்றரிலிருந்து எல்லாம் தெளிவாக வரும். அதே கமராவில் 50 மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டால், எஃப் 11இல்கூட 6 மீற்றருக்கு இந்தப் பக்கம் இருப்பதும் தூரமும் சேர்ந்து தெளிவாக வராது. விலை கூடிய கமரா இருந்தால்தான் வெல்லலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். இந்த வகைப் படத்துக்குப் போனின் சின்ன லென்ஸ் உண்மையாகவே உதவி செய்கிறது.

தொடும் இடம்

நடுவர் முதலில் பார்ப்பது இதைத்தான். பொம்மை ஆளின் பாதமும் உள்ளங்கையும் சேருகிற இடம். பாதத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு நூல் அளவு மணல் தெரிந்தாலும் ஆள் காற்றில் மிதப்பார். பாதம் கைக்குப் பின்னால் மறைந்தாலோ வெட்டுப்பட்டது போலிருக்கும். அதோடு கையில் நிழலும் விழாது, ஏனென்றால் அவருடைய நிழல் 16 மீற்றருக்கு அப்பால் மணலில் கிடக்கிறது.

போன வருடம் அக்காவின் மகளை வைத்து இதைச் சரிசெய்யப் போராடினேன். உள்ளங்கையில் அவள் நிற்கவே மாட்டேன் என்கிறாள். அலை வந்தால் ஓடுகிறாள், ஓடாவிட்டால் குதிக்கிறாள். அப்புறம் அக்கா வாங்கி வைத்திருந்த கச்சான் (நிலக்கடலை) சுருள் கண்ணில் பட்டது. பழைய கொப்பித் தாளில் சுற்றியது, ஓரத்தில் யாரோ ஒரு பிள்ளை எழுதிய வாய்ப்பாடு தெரிகிறது. வாய் ஆறு சென்ரிமீற்றர் இருக்கும். அக்காவை ஒன்றரை மீற்றர் தள்ளி முழங்காலில் இருத்தி, சுருளை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். மருமகளின் தோள் அகலம் 30 சென்ரிமீற்றர் அளவு. அது சுருளுக்குள் 4 சென்ரிமீற்றராகத் தெரிய வேண்டுமென்றால் ஏழரை மடங்கு, அதாவது 11 மீற்றருக்குக் கொஞ்சம் மேல். அவளை அங்கே நிறுத்திவிட்டு, சுருளின் விளிம்பு அவள் இடுப்புக்கு நேரே வரும்வரை போனை இறக்கினேன். கால் மறைந்துவிட்டது. நிழலும் மறைந்துவிட்டது. கச்சான் விதைகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்க்கிற சின்னப் பெண் மட்டும் மிச்சம். அவள் கையை உயர்த்திக் கொட்டாவி விட்டபோது எடுத்த படம்தான் நல்லதாக வந்தது.

இதில் நான் கற்றது, தொடும் இடத்தைச் சரியாக்க முடியாவிட்டால் அதை மறைத்துவிடலாம் என்பது. சுருள், பிளேன்ரீக் கிளாஸ், சிரட்டை, தொப்பி, வள்ளத்தின் விளிம்பு என எதன் விளிம்பும் உதவும். கரைவலைக் கயிறும் நல்ல பொருள். கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டிருக்கும் கப்பலைக் கரையிலிருந்து ஒருவர் இழுப்பது போல எடுத்தால், கயிற்றின் நுனி கப்பலைச் சரியாகத் தொடத் தேவையில்லை. கப்பலுக்கு முன்னால் போய் மறைந்தால் போதும்.

பார்வையும் முக்கியம். கையை நீட்டியவர் உண்மையில் ஆள் நிற்கிற தூரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொம்மை தன் கையில்தான் இருக்கிறது என்றால் பார்வை கைக்கு வர வேண்டும். விரல்கள் பாரத்தைத் தாங்குவது போல மடிய வேண்டும். தூரத்தில் நிற்பவருக்கு அலைச் சத்தத்தில் எதுவும் கேட்காது. கையால் காட்டும் சைகைகளை முன்பே பேசி வையுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்தான் அதிகம். எங்கள் கடல் கிழக்கில் இருக்கிறது. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் சூரியன் ஆளுக்குப் பின்னால், முகமெல்லாம் இருட்டு. முகம் வேண்டுமென்றால் பின்னேரம் போங்கள். ஆனால் காலை நிழலுருவத்தை ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு பேரும் கறுத்த உருவங்களாகிவிட்டால் தோலின் தெளிவு, உடையின் நிறம், சின்ன மங்கல் என்று தூரத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் எல்லாம் சேர்ந்து போய்விடும். ஒருவர் தென்னை நிழலிலும் மற்றவர் வெய்யிலிலும் நிற்பதுதான் எந்த நேரத்திலும் கூடாதது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தூசு கிளம்பி, தூரத்து மலை வெளிறித் தெரியும். உப்புவெளியிலிருந்து, கோணேஸ்வரம் கோயில் இருக்கும் சுவாமி மலையை விரலால் பிடிப்பது போல எடுக்க நினைப்பவர்கள், மழை விட்ட அடுத்த நாளைப் பார்த்துப் போங்கள்.

சுவாமி மலை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. கோணேஸ்வரத்துச் சிவன் சிலையின் தலையைக் கிள்ளுவது, தூக்குவது போன்ற படங்களை எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கும்பிட வந்தவர்களின் மனம் நோகும். அதோடு பெரிய சிலையைக் கிள்ளுகிற படங்களை நடுவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் பார்த்து அலுத்திருப்பார்கள். செங்குத்தான பாறைப் பிளவான இராவணன் வெட்டுப் பக்கம் திரையைப் பார்த்தபடி பின்னால் நடப்பது உயிராபத்து. பிரெட்ரிக் கோட்டைக்குள் படையினர் இருக்கிறார்கள், துறைமுகத்தில் கடற்படை இருக்கிறது. அவர்கள் இருக்கும் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். கோட்டை மான்களைக் கிட்ட வரவைக்கப் பிஸ்கட் போடாதீர்கள். தாழ உட்கார்ந்து பொறுமையாக இருந்தால் அவை தாமாகவே கிட்ட வரும்.

இவ்வளவு வாய்ப்புள்ள ஊரில் எல்லோரும் உள்ளங்கையிலேயே நின்றுவிடுவது எனக்கு வருத்தம். நிலவை எடுங்கள். முழுநிலவு போயா நாளன்று, சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டிக் கடலிலிருந்து எழும்பும். வானத்தில் அதன் அகலம் ஏறக்குறைய அரைப் பாகைதான். அதனால் எந்தப் பொருளையும் அதன் அகலத்தைப் போல 110 மடங்கு தூரத்தில் வைத்தால் நிலவின் அளவுக்கு வந்துவிடும். 22 சென்ரிமீற்றர் பந்து 24 மீற்றரில் நிலவை அப்படியே மூடும். ஒருவர் ஒரு மீற்றர் அகலத்துக்குக் கை விரித்து நிலவை அணைக்க வேண்டுமென்றால் 110 மீற்றர். இதற்குத்தான் நீண்ட லென்ஸ் வேண்டும். இதில் நடக்கிற பெரிய பிழை, நிலவு வந்த பிறகு இடம் தேடுவது. நிலவு தன் அகலத்தை 2 நிமிடத்தில் கடந்துவிடும். ஆள் நிற்கும் இடத்தையும் கமரா இடத்தையும் வெளிச்சம் இருக்கும்போதே அளந்து, மணலில் தடி நட்டு வையுங்கள். அதே யோசனையைச் சூரியனில் செய்பவர்கள், கமராவில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துவாரம் வழியாக ஒருபோதும் பார்க்காதீர்கள். கண் போய்விடும். திரையில் மட்டும் பாருங்கள்.

அனுப்பும்போது படத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பி எடுத்து, அதைப் பதிவேற்றாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம், லென்ஸ் போன்ற விவரங்களையும் நீக்கிவிடும். கேபிளால் மாற்றுங்கள், அல்லது கோப்பாக அனுப்புங்கள். பெயரைப் படத்தின்மேல் பொறிக்க வேண்டாம், பல போட்டிகளில் நடுவருக்குப் பெயர் தெரியக்கூடாது. படத்தில் உள்ளவரிடம், பிள்ளை என்றால் தாய் தகப்பனிடம், சம்மதம் கேளுங்கள். முடிவு நேரம் கிறீன்விச் நேரப்படி நள்ளிரவு என்றால் இங்கே அதிகாலை 5.30. வெட்டாத, திருத்தாத மூலக் கோப்பை முடிவு வரும்வரை அழிக்காதீர்கள். தேர்வான படத்துக்கு அதைக் கேட்பார்கள்.