திருவிதாங்கூர்க் காலத்துப் பத்திரத்தை வாசிக்கும் முறை

முன்பு திருவிதாங்கூரில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முன் எழுதப்பட்ட தமிழ்ப் பத்திரம் வீட்டில் இருப்பவர்கள், பிறர் சொல்லும் பொருளை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. பழைய எழுத்துகளையும், எண்களையும், ‘நான், நீர், தாம்’ முதலிய மூவிடப்பெயர்களையும் (தன்மை, முன்னிலை, படர்க்கைப் பெயர்கள்) கவனித்துப் பழகினால் பெரும்பகுதியைத் தாமே வாசித்துவிடலாம்.

முதலில் பத்திரத்தை வரிக்கு வரி உள்ளபடியே ஒரு தாளில் பெயர்த்தெழுதுங்கள். பிழையாகத் தோன்றுவதையும் திருத்தாதீர்கள், ஏனெனில் பிழை என்று நாம் கருதுவது பெரும்பாலும் அக்கால வழக்காகவே இருக்கும். பல எழுத்தர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதிச் சென்றிருப்பார்கள். சொல்லின் பொருளைக் கொண்டுதான் புள்ளியை ஊகிக்க வேண்டும். ணை, லை, ளை, னை ஆகியவை எழுத்தோடு ஒட்டிய தும்பிக்கை போன்ற சுழியுடனும், ணா, றா, னா ஆகியவை தனிக்கால் இல்லாமலும் வரும். 1978 அரசாணைக்குப் பிறகு அச்சில் இவை மறைந்தன, ஆனால் முதியவர்களின் கையெழுத்தில் இன்றும் காணலாம்.

எண்களில் ௧, ௨, ௪, ௭, ௮ ஆகியவை முறையே க, உ, ச, எ, அ போலவே தோன்றுவதால், ஆண்டும் தொகையும் வருமிடத்தில் அவற்றை எழுத்தாகப் படித்துவிடக் கூடாது. ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆகவே ௲௱௰௨ என்பது 1112. இது திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. சிங்க மாதம், அதாவது ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள நாள்களுக்கு 824ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய உள்ள நாள்களுக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச அறிவிப்பு வெளியான 1112 துலாம் (ஐப்பசி) 27 என்பது 1936 நவம்பர் 12 என்பதை வைத்து உங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம். நாளைக் குறிக்கும் ௳, மாதத்தின் ௴, ஆண்டின் ௵ ஆகிய குறிகளைச் சில திருமண அழைப்பிதழ்களில் இப்போதும் பார்க்கிறோம். மேற்படி என்பதற்கான ௸ குறியைப் பழைய கையெழுத்துப் பத்திரங்களில் காணலாம்.

மூவிடப்பெயர்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும், ஏனெனில் உரிமை யாருடையது என்பதை அவையே காட்டுகின்றன. எழுதிக்கொடுப்பவர் ‘எங்கள் கிணறு’ என்றால் அது அவர் தரப்பினருடையது. ‘நம் கிணறு’ என்றால் வாங்குபவரையும் சேர்த்துச் சொல்கிறார். பாகப்பிரிவினையில் ‘நம்மில் 2ஆவது நபருக்கு’ என்று வருவதும் இதே முறைதான், அங்கே ‘நம்மில்’ கையொப்பமிட்ட அனைவரையும் குறிக்கும். ‘உமக்கு’ என்பது எழுதிவாங்குபவரைச் சுட்டும். நெல்லை, நாஞ்சில் பேச்சில் ‘நீரு’, ‘உமக்கு’ இன்றும் இயல்பாகப் புழங்குவதால் நம் பகுதியினருக்கு இதில் தடுமாற்றம் இராது.

தடுமாற வைப்பது ‘தாங்கள்’. ‘தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்’ என்றால் எதிரில் இருப்பவருக்கு மரியாதை. ‘பிள்ளைகள் தாங்கள் பாகித்துக்கொண்டார்கள்’ என்றால் அப்பிள்ளைகளே. வினைமுற்று ‘ஆர்கள்’ என முடிகிறதா, ‘கொள்ளவும்’ என ஏவுகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அப்போதும் ஐயம் நீங்காவிட்டால், நான்குமால் (நான்கு எல்லைகள்) விவரத்தில் அந்தச் சொத்தை ஒட்டி யாருடைய பெயர் வருகிறது என்று பாருங்கள். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனுச் செய்து, பதிவேட்டில் உள்ள வாசகத்தை நீங்கள் பெயர்த்தெழுதிய தாளோடு ஒப்பிடுங்கள்.