எம்130ம் இன்னும் சில வில்லங்கங்களும்

அரசியலோ, பாட்டோ, ஆதிமனிதனோ, எதைப் பற்றியும் கருத்துச் சொல்ல இங்கே யாருக்கும் தடை இல்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன் என்பதால், புதிதாக எழுத வரும் பிள்ளைகள் "ஒரு தடவை பாத்துடுங்க சார்" என்று எனக்கு அனுப்பிவைப்பார்கள். பாதி நேரம் என் பழைய கட்டுரைகளையே படிக்கிற மாதிரி இருக்கும். அதே அவசரம், அதே வீறாப்பு. 'குரங்கிலிருந்து வந்தோம் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது' ரகத்தை இங்கே எடுக்கப் போவதில்லை. அதற்குப் பள்ளிப் பாடப்புத்தகமே போதும். விஷயம் தெரிந்தவர்களே வழுக்கும் இடங்கள்தான் எனக்குக் கவலை. அவற்றில் சிலவற்றை ஒவ்வொன்றாகத் தலைப்புப் போட்டுச் சொல்கிறேன்.

அத்திரம்பாக்கத்துக் கல்லைத் தமிழன் கையில் கொடுப்பது

திருவள்ளூர் மாவட்டம், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டியெடுத்த ஒரு வகைக் கற்கருவிகளுக்கு 3,85,000 ஆண்டு வரை வயது என்று 2018இல் ஆய்வு வெளியானது. உலகமே திரும்பிப் பார்த்த வேலை. ஆனால் கிடைத்தது கல்தான், அதைச் செய்தவரின் எலும்பு கிடைக்கவில்லை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் ஆகப் பழைய எலும்புகள் என்று இன்று பலரும் ஏற்பவை மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. அவற்றுக்கே சுமார் 3 லட்சம் ஆண்டுதான். கல்லைச் செதுக்கியவர் நம் இனமா, வேறொரு மனித இனமா என்பதே முடிவாகாதபோது அவர் என்ன மொழி பேசினார் என்று எழுதுவது ரொம்பத் துணிச்சல்.

கீழடியையும் அதோடு சேர்ப்பது

சேர்க்காதீர்கள். அது கி.மு. 6ஆம் நூற்றாண்டு.

எம்130

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளும்.

2000களின் தொடக்கத்தில் மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் செய்த ஆய்வில், மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற மரபணுக் குறி தெரியவந்தது. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் பழைய குறி அது. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பியவர்கள் கடலோரமாகவே ஆஸ்திரேலியா வரை போனார்கள் என்ற கருத்துக்கு நல்ல தடயம். விஞ்ஞானிகளுக்கு அதில் அவ்வளவுதான். நம் ஊரில் அது 'முதல் இந்தியர்' ஆகி, 'முதல் தமிழர்' ஆகி, கடைசியில் ஒரு சாதிச் சங்க மாநாட்டு பேனரில் கொட்டை எழுத்தில் ஏறியதை நானே பார்த்தேன்.

எம்130 இருப்பது ஒய் குரோமோசோமில். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். அந்தக் குறி உள்ளவரின் கூடப்பிறந்த அக்காவுக்கு அது கிடையாது. அவர் மகள் வயிற்றுப் பேரனுக்கும் அவர் வழியாக வராது. அப்படியானால் தம்பி முதல் இந்தியர், அக்கா அகதியா?

பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு அப்பா அம்மா 2 பேர், தாத்தா பாட்டி 4 பேர். பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 இடங்கள் வரும். தலைமுறைக்கு 25 வருஷம் வைத்தால் வெறும் 250 வருஷம். அந்த 1,024 இடங்களில் ஒய் குரோமோசோம் கைகாட்டுவது ஒரே ஒருவரை. மீதி 1,023 பற்றி அது வாயே திறக்காது. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் வகுப்பே கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். அப்புறம் யாராவது ஒருவர், "இருந்தாலும் சார்..." என்று ஆரம்பிப்பார்.

இன்னொன்று. எம்130இன் கிளைகள் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் உண்டு, மங்கோலியரிடம் உண்டு, கசாக்குகளிடம் தாராளமாக உண்டு. அந்தக் குறியை வைத்து பேனர் கட்டினால் கசாக்குகளுக்கும் மேடையில் நாற்காலி போடவேண்டும்.

இதில் நஷ்டப்பட்டவர்களும் உண்டு. என் மாணவன் ஒருவன் பகுதி நேர வேலையில் சேர்த்த காசை ஒரு டிஎன்ஏ பரிசோதனைக்குக் கட்டினான். எம்130 வரும், ஊருக்கே காட்டலாம் என்று கனவு. வந்தது ஆர்1ஏ. இதுவும் ஒரு ஒய் குரோமோசோம் குறிதான், ஆனால் ஊர்ப்பேச்சில் இதற்கு 'ஆரியர் குறி' என்று பெயர். "அப்ப நான் வந்தேறியா சார்?" என்று கேட்டபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தம்பி, ஆந்திராக் காட்டுல இருக்குற செஞ்சுப் பழங்குடிகிட்டயும் ஆர்1ஏ இருக்கு. அவங்கள எங்க அனுப்புவே?" என்றேன். சமாதானம் ஆனானா தெரியாது. அந்த ரிப்போர்ட்டை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை என்று அவன் நண்பன் சொன்னான்.

எழுதியே ஆகவேண்டும் என்றால் 'இந்தக் குறி' என்று எழுதுங்கள், 'இந்த இனம்' என்று எழுதாதீர்கள்.

432 ஹெர்ட்ஸ்

கருவிகளைச் சுருதி சேர்க்க மேற்கத்திய இசையின் 'ஏ' ஸ்வரத்தை எத்தனை ஹெர்ட்ஸில் வைப்பது என்று ஒரு சண்டை. 432 பிரபஞ்சத்தின் அலைவரிசையாம், 440 நாஜிகள் திணித்ததாம். 440ஐப் பொதுச் சுருதியாக ஏற்றது 1939 லண்டன் மாநாடு. ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. நொடி மனிதன் வகுத்த அளவு, பிரபஞ்சத்துக்கு அது தெரியாது. இதை நம் ஆட்களே பரப்புவதுதான் வேடிக்கை. கர்நாடக சங்கீதத்தில் ஒருவர் ஒரு கட்டைச் சுருதியில் பாடுவார், இன்னொருவர் ஐந்து கட்டையில் பாடுவார், தொண்டை கட்டினால் அரைக்கட்டை இறக்கிக்கொள்வார். தம்புரா அவர் சொன்னபடி கேட்கும். 440க்கும் 432க்கும் உள்ள இடைவெளி அந்த அரைக்கட்டையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

எந்தப் பாட்டு உசத்தி

ஆளை விடுங்கள்.

இடக்கணக்கை மக்கள் மனசு என்று எழுதுவது

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ அதிமுக எடுத்தது. திமுகவுக்குப் பூஜ்யம். 'ஒட்டுமொத்தத் தமிழகமும் ஒரே பக்கம்' என்று அன்றைக்கு எழுதாதவர் குறைவு. வாக்குக் கணக்கில் அதிமுக சுமார் 44 சதவீதம், திமுக சுமார் 24. தொகுதியில் முதலில் வருபவருக்கே இடம் என்கிற முறையில் இரண்டாவதாக வந்த ஓட்டெல்லாம் கணக்கிலிருந்து காணாமல் போகும். இடத்தோடு சதவீதத்தையும் சேர்த்துப் போடுங்கள். தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே இருக்கிறது, தொகுதிவாரியாக.