குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் உளவியலாளர்: நெறி பிசகாமல் பணியாற்றுவது எப்படி?

குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று கணவனும் மனைவியும் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்காடும்போது, இடையில் அழைக்கப்படும் உளவியலாளருக்கு நேரும் அறச்சிக்கல்களில் பெரும்பாலானவை, ‘இந்த வழக்கில் என் பொறுப்பு என்ன?’ என்று முதல் நாளிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளாததால் வருபவை. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், நீதிமன்ற ஆலோசகர்களை 6ஆம் பிரிவிலும், மருத்துவ மற்றும் குடும்பநல வல்லுநர்களின் உதவியை 12ஆம் பிரிவிலும் தனித்தனியே வைத்திருக்கிறது. சிகிச்சை தருபவர் இந்த இரண்டிலும் சேராதவர். ஒரே குடும்பத்துக்கு இவற்றில் ஒரு பொறுப்பை மட்டும் ஏற்பதே முறை.

வழக்கமாக நடப்பது இதுதான். பையன் சரியாகத் தூங்குவதில்லை என்று தாயோ தந்தையோ அழைத்து வருவார். சில அமர்வுகளுக்குப் பிறகு, “வக்கீல் ஒரு சர்டிபிகேட் மட்டும் வாங்கி வரச் சொன்னார்” என்பார். சிகிச்சை தந்தவர் எழுதிக் கொடுக்கக்கூடியது, குழந்தை வந்த தேதிகள், அதனிடம் கண்ட அறிகுறிகள், அளித்த சிகிச்சை ஆகியவை மட்டுமே. ‘இவரிடம் வளர்வதே குழந்தைக்கு நல்லது’ என்ற வரி அதில் வரக் கூடாது. மற்றவரைப் பார்க்காமல் அதை எழுத எந்த அடிப்படையும் இல்லை. இந்த எல்லையை முதல் அமர்வுக்கு முன்பே எழுத்தில் தந்து கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பெற்றோர் பிரிந்து வாழ்வதாகத் தெரிந்தால், நடப்பிலுள்ள இடைக்கால உத்தரவின் நகலையும் அப்போதே கேட்டுப் பெறுவது நல்லது.

இரகசியம் காப்பது பற்றிய வாக்குறுதியிலும் கவனம் தேவை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சிகிச்சை பெறுபவருக்குத் தன் இரகசியம் காக்கப்படும் உரிமையை அளித்தாலும், அதற்கு விதிவிலக்குகளும் உண்டு. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு உளவியலாளருக்குக் கிடையாது. போதாததற்கு, பெர்ரி கன்சாக்ரா வழக்கில் 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், சமரசப் பேச்சுக்குரிய இரகசியம், குழந்தைப் பொறுப்பு வழக்கில் ஆலோசகர் குழந்தையைப் பற்றித் தரும் அறிக்கைக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. ஆகவே, “இங்கே பேசுவது வெளியே போகாது” என்று சொல்வது பொய்யாகிவிடும். சம்மன் வந்தால் மொத்தக் கோப்பையும் உடனே தூக்கிக் கொடுப்பதும் தவறு, பேசாமல் இருந்துவிடுவதும் தவறு. எந்தப் பகுதி வழக்குக்குத் தொடர்பில்லாதது, எது வெளியானால் குழந்தைக்குத் தீங்கு என்பதை நீதிபதிக்கு எழுத்தில் தெரிவித்து, கேட்கப்பட்டதை மூடிய உறையில் தாக்கல் செய்ய அனுமதி கோரலாம்.

நேரில் பார்க்காதவரைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்ற நெறி எல்லோருக்கும் தெரியும். மீறப்படுவதும் அதுதான் அதிகம். மனைவி சொன்னதை மட்டும் கேட்டுக் கணவனுக்கு ஆளுமைக் கோளாறு என்று எழுதிய அறிக்கை, குறுக்கு விசாரணையில் சில நிமிடங்கள்கூட நிற்காது.

எல்லாவற்றிலும் கடினமானது குழந்தையின் சொல்லை எடைபோடுவது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம், விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. விருப்பம் வேறு, நலன் வேறு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, “அப்பா ஜீவனாம்சம் தராமல் இழுத்தடிக்கிறார்” என்று சொன்னால், அந்தச் சொற்கள் யாருடையவை என்பது புரிந்துவிடும். ஆனால் அவளுடைய பயமும் இரவல் பயம் என்று அதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. ‘யாரோடு இருக்கப் பிடிக்கும்?’ என்று கேட்பது ஒருவரைக் காட்டிக்கொடுக்கச் சொல்வதற்குச் சமம். அதற்குப் பதிலாக, பள்ளி விட்டு வந்ததும் என்ன நடக்கும், காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று கேட்கலாம். தாய் அழைத்துவரும் நாளில் ஒருமுறையும் தந்தை அழைத்துவரும் நாளில் ஒருமுறையும் பார்த்தால், அதே குழந்தை வேறு கதை சொல்வதும் உண்டு. அந்த வேறுபாட்டை மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். ஒரு பெற்றோர் மற்றவருக்கு எதிராகக் குழந்தையின் மனத்தைத் திருப்புவதாகக் கூறும் ‘அந்நியமாக்கல் நோய்க்குறி’ என்ற சொல் உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் இடம்பெற்றதிலிருந்து வக்கீல்கள் அதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். நோய்களை வகைப்படுத்தும் கையேடுகளான டிஎஸ்எம்-5, ஐசிடி-11 இரண்டிலுமே அது ஒரு நோயாக இல்லை. கண்ட நடத்தையை விவரித்து எழுதலாம், அந்த முத்திரையைக் குத்த வேண்டாம் என்பது என் கருத்து.

மதிப்பீட்டின் நடுவே குழந்தை பாலியல் தொல்லையைப் பற்றிச் சொன்னால், போக்சோ சட்டம், 2012இன் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் தருவது கட்டாயம். தராவிட்டால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். வழக்கில் வெல்லப் புனைந்த புகாராக இருக்குமோ என்ற ஐயம் இந்தக் கடமையை நீக்குவதில்லை. நல்லெண்ணத்தோடு தந்த தகவலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே, நீங்கள் கேட்ட கேள்வியோடு சேர்த்து எழுதிக்கொண்டு நிறுத்திவிடுங்கள். உண்மையைக் கண்டறிவது காவல்துறையின் வேலை.

அறிக்கை எழுதும்போது, பார்த்தது, பிறர் சொல்லக் கேட்டது, ஊகித்தது ஆகிய மூன்றும் கலந்துவிடக் கூடாது. வெளிநாட்டு மக்களை வைத்துத் தரப்படுத்திய சோதனையைத் தமிழில் வாய்மொழியாகப் பெயர்த்து நடத்தியிருந்தால், அதையும் குறிப்பிட வேண்டும். அறிக்கையின் எடை சிறியதல்ல: 2025 ஜூலையில், குழந்தையின் மனப்பதற்றம் பற்றிய உளவியல் அறிக்கைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, உச்ச நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பையே மறுஆய்வில் மாற்றியது. கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. முடிவைப் பொறுத்த கட்டணம் கூடவே கூடாது.

தீர்ப்பு வந்த பிறகு, தோற்றவரோ வென்றவரோ அதே குழந்தைக்கு ஆலோசனை தரச் சொல்லி அழைப்பார்கள். மதிப்பீடு செய்தவர் அதை ஏற்காமல், வழக்கோடு தொடர்பில்லாத வேறொரு உளவியலாளரிடம் அனுப்பிவைக்க வேண்டும். மேல்முறையீட்டில் மறுபடி சாட்சிக் கூண்டு ஏற நேரிடலாம் என்பதால், குறிப்புகளை அழிக்காமல் பூட்டி வைத்திருங்கள்.