குதிரைக்கு ஈ விரட்டியும் தின்பண்டமும்: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குதிரைக்கு ஈத் தொல்லை வந்தால் நம் பக்கத்தில் முதலில் யோசனை கேட்பது மாடு வைத்திருப்பவரிடம்தான். அவரும் நல்ல மனதோடுதான் சொல்வார்: வேப்பெண்ணெயைத் தடவு, கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்துக்கோ, இல்லாவிட்டால் மாட்டு உண்ணி மருந்தே போதும் என்று. கடலூரிலும் புதுச்சேரியிலும் குதிரை வைத்திருப்பவர்கள் குறைவு. கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறவர்கள், கடற்கரையில் சவாரி விடுகிறவர்கள், ஆரோவில் பக்கத்துச் சவாரிப் பள்ளிகள், ஆசைக்கு ஒன்றிரண்டு வளர்ப்பவர்கள், அவ்வளவுதான். அதனால் மாட்டு வைத்தியமே குதிரைக்கும் வந்து சேர்கிறது. நான் பார்க்கும் பெரும்பாலான தவறுகள் தொடங்குவது இங்கேதான்.

குதிரையின் தோல் மாட்டுத் தோலைவிட மெல்லியது. உடம்பெல்லாம் நனைய வியர்க்கும். அது அசைபோடாது. வயிற்றுக்குள் ஒன்று போய்விட்டால் அதை வாந்தியெடுக்கவும் குதிரையால் முடியாது. மாடு தாங்குகிற பல விஷயங்களைக் குதிரை தாங்காது.

உயிருக்கே ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி போகத் தண்ணீரில் கலந்து ஊற்றும் மருந்துகளில் அமிட்ராஸ் என்ற வேதிப்பொருள் உள்ள வகை ஒன்று உண்டு. மாட்டுக்கு அது நல்ல மருந்து. குதிரை மேல் ஊற்றினால் குடலின் அசைவையே நிறுத்திவிடும். குதிரை லத்தி போடாது, தீனியைத் தொடாது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். பெருங்குடலில் தீனி இறுகிக் கட்டிக்கொண்டால் பிழைக்க வைப்பதே பெரும்பாடு. பாட்டிலில் அமிட்ராஸ் என்ற பெயர் இருந்தால் குதிரை லாயத்துக்குள் அதை வைக்கவே வேண்டாம். உரக்கடையில் பயிருக்கு வாங்கிய பூச்சி மருந்தை ‘ஒரு மூடி மட்டும்’ தண்ணீரில் விட்டு அடிப்பதும் இதே ரகம். ஈக்கு எதிரான மருந்து கண்டிப்பாக வேண்டுமென்றால் குதிரைக்கு ஏற்றது எது, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மண்ணெண்ணெய், டீசல், பழைய என்ஜின் ஆயில், பினாயில் இவை எதுவுமே குதிரையின் தோலில் படக் கூடாது. மண்ணெண்ணெய் பட்ட இடம் கொப்புளித்துப் போகும். பினாயில் தரைக்கு மட்டும்தான். தரை கழுவினாலும் நன்றாக அலசிக் காய்ந்த பிறகே குதிரையை உள்ளே கட்ட வேண்டும்.

வேப்பெண்ணெயை எப்படிக் கலப்பது

வேப்பெண்ணெய் நல்ல பொருள்தான். தவறு அளவில் இருக்கிறது. செக்கிலிருந்து வாங்கிவந்ததை அப்படியே உள்ளங்கையில் ஊற்றி முதுகு முழுக்கப் பூசி, உச்சி வெயிலில் கட்டிவிடுகிறார்கள். மறுநாள் அந்த இடம் தடித்து, தொட்டால் சூடாக இருக்கும். இரண்டொரு நாளில் தோல் செதில் செதிலாக உரிந்து, தேய்க்கும்போது முடி கொத்தாகக் கையோடு வரும். கடற்கரைக் குதிரை என்றால் எண்ணெயில் மணலும் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் சேணத்தை வைத்து வாரை இறுக்கினால் புண் வராமல் என்ன செய்யும்? சேணம் உட்காரும் இடத்திலும் வார் படும் இடத்திலும் சவாரிக்கு முன் எந்த எண்ணெயும் வேண்டாம்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 10 மில்லி வேப்பெண்ணெய், அதாவது இரண்டு டீஸ்பூன், தொடக்கத்துக்குப் போதும். தோலுக்கு ஒத்துக்கொண்டால் 20 மில்லி வரை போகலாம். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக் குலுக்கினால் மட்டும் கலந்துவிடாது. முதலில் எண்ணெயில் ஒரு டீஸ்பூன் குழந்தை ஷாம்பூவை விட்டு நன்றாகக் குழைக்க வேண்டும். அப்புறம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்கிக்கொண்டே வந்தால் பால் மாதிரி வெளுத்து வரும். மேலே மஞ்சள் திட்டு மிதந்தால் கலவை சேரவில்லை என்று பொருள். அப்படியே அடித்தால் ஒரு இடத்தில் வெறும் தண்ணீரும் இன்னொரு இடத்தில் வெறும் எண்ணெயும்தான் விழும். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். தண்ணீரில் கலந்தபின் வேம்பின் வீரியம் நிற்காது, வெயிலில் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

எந்தப் புதுக் கலவையையும் முதலில் தோள்பட்டையில் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் தடவிவிட்டு 24 மணி நேரம் பார்க்க வேண்டும். தடிப்போ, சூடோ, குதிரை அந்த இடத்தைக் கடிப்பதோ இருந்தால் அதை விட்டுவிடுங்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய், சிட்ரோனெல்லா, யூகலிப்டஸ் தைலம் போன்றவற்றுக்கு இது இன்னும் அவசியம். இவை ஒரு லிட்டருக்குச் சில சொட்டுகள் போதும். மணம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடுவதால் ஈ திரும்பி வரும். அப்போது பலர் சொட்டுகளைக் கூட்டுகிறார்கள். செய்ய வேண்டியது அளவைக் கூட்டாமல் மறுபடி ஒருமுறை அடிப்பதுதான். வியர்வையும் அழுக்குமாக நிற்கும் குதிரை மேல் அடிப்பதும் வீண். கழுவி, துடைத்து, நிழலில் காயவிட்டு அடிக்க வேண்டும்.

முகத்தில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. துணியில் நனைத்துப் பிழிந்து, கண்ணையும் மூக்குத் துவாரத்தையும் விட்டு, கன்னத்திலும் நெற்றியிலும் லேசாகத் துடைத்தால் போதும். கண்ணோரத்துக்கு மருந்தைவிட வலைத் துணியில் தைத்த முகமூடி மேல்.

எந்த ஈ, எந்த இடம்

எல்லோரும் முதுகில்தான் அடிக்கிறார்கள். ஆனால் குதிரை ஓயாமல் காலைத் தரையில் உதைத்துக்கொண்டே நிற்கிறதா? குனிந்து முழங்காலுக்குக் கீழே பாருங்கள். பார்வைக்கு வீட்டு ஈ மாதிரியே இருக்கும், ஆனால் வாயில் ஊசி போன்ற குழல் நீட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் குடிக்கும் ஈ அது. அதற்குக் காலும் அடிவயிறும்தான் பிடித்த இடம். முதுகில் எவ்வளவு அடித்தாலும் அதற்குப் பயன் இல்லை. கண்ணோரத்தில் மொய்ப்பது கண்ணீரைக் குடிக்க வரும் சாதா ஈ. அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும் பிடரியிலும் வால் அடியிலும் கடித்து, குதிரையைத் தூணில் தேய்க்க வைப்பது கொசுவைவிடச் சிறிய ஒரு பூச்சி. இந்தப் பூச்சிக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கும் சக்தி கிடையாது. லாயத்தில் ஒரு மின்விசிறி ஓடினால் அது செய்யும் வேலையை எந்த எண்ணெயும் செய்யாது. மின்கம்பி குதிரையின் வாய்க்கு எட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஈயை வெறும் தொல்லை என்று நினைப்பதும் தவறு. கடிக்கும் ஈக்களும் பெரிய மாட்டு ஈக்களும் சர்ரா என்ற ரத்த நோயைப் பரப்புகின்றன. மாடும் எருமையும் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். அதே கிருமி குதிரைக்கு வந்தால் விட்டுவிட்டுக் காய்ச்சல், ரத்தசோகை, கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம் என்று போய், வைத்தியம் பார்க்காவிட்டால் உயிரையே எடுத்துவிடும். மாட்டுக்கொட்டகையோடு ஒட்டிக் குதிரையைக் கட்டுவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, குப்பையைச் சுவரோரம் குவித்துவிட்டு ஈ விரட்டி தேடுவது. கடிக்கும் ஈ முட்டையிடுவது மூத்திரத்தில் நனைந்து மட்கிய வைக்கோலில். சாதா ஈ நம் வெயிலில் முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏழு முதல் பத்து நாளில் ஆகிவிடும். வாரம் ஒருமுறை சுத்தம் செய்வது என்றால் அடுத்த தலைமுறைக்கு இடம் விடுகிறோம் என்று அர்த்தம். லத்தியையும் நனைந்த வைக்கோலையும் தினமும் அள்ளி, லாயத்தைவிட்டுத் தள்ளி மூடிவைக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடலூர்ப் பக்கம் வைக்கோல் காயவே காயாது. அந்த மாதங்களில் படுக்கைக்கு வைக்கோலைக் குறைத்து, காய்ந்த மணலோ மரத்தூளோ போடுவது உத்தமம். மணலில் படுக்க வைத்தால் தீனியைத் தரையில் போடாதீர்கள், மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும்.

சாயங்காலம் வேப்பிலைப் புகை போடும் பழக்கம் நல்லதுதான், திறந்தவெளியில். கதவைச் சாத்திய லாயத்துக்குள் சாம்பிராணியும் வேப்பிலையும் புகைந்தால் ஈக்கு முன்னால் குதிரையின் நுரையீரல்தான் கெடும்.

கல்யாண ஊர்வலக் குதிரைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அரளிப்பூ மாலை போடாதீர்கள். அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். ஒரு கைப்பிடி இலை ஒரு குதிரையைக் கொல்லப் போதும். பக்கத்தில் நிற்கும் குதிரை எட்டி மாலையைக் கடிப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். சாமந்தி மாலை போடுங்கள், அதையும் ஊர்வலம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஈ ஓட்டத் தழை கட்டுகிறவர்களும் வேலியோரத்தில் கைக்குக் கிடைத்ததை ஒடிக்காமல், அது வேம்புதானா என்று பார்த்துக் கட்ட வேண்டும்.

வாய்க்குக் கொடுப்பது

தின்பண்டத்தில் முதல் தவறு வெல்லம். குதிரைக்கு வெல்லம் பிடிக்கும், சரி. ஒரு நெல்லிக்காய் அளவு எப்போதாவது கொடுப்பதில் ஒன்றுமில்லை. அச்சு அச்சாகக் கொடுத்தால் குளம்புக்குள் இருக்கும் மென்மையான பகுதி வீங்கி, குதிரை முன்னங்காலை ஊன்ற முடியாமல் பின்னால் சாய்ந்து நிற்கும். அந்த நிலை வந்தபின் பழைய குதிரை திரும்புவது கடினம். வெல்லப் பாகு சேர்த்துப் பிடித்த உருண்டைகளால் இன்னொரு தொந்தரவும் உண்டு. உதட்டோரத்திலும் மோவாயிலும் பிசுபிசுப்பு ஒட்டிக்கொண்டு, நாம் விரட்டிய ஈயை நாமே கூப்பிட்டதாகிவிடும். தின்றபின் வாயோரத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், தீனித் தொட்டியையும் கழுவிவையுங்கள்.

மாட்டுப் பொங்கலன்று ஆசையாகச் சர்க்கரைப் பொங்கலை அள்ளி ஊட்டுவது, மீந்த சோறும் பரோட்டாவும் வாளியில் கொட்டுவது, கடற்கரையில் வருகிறவர்கள் பஜ்ஜி, பன், ஐஸ்கிரீம் நீட்டுவது, இவை எல்லாம் வயிற்றுவலிக்கு வழி. ஒரேயடியாக இறங்கும் மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து வாயு கட்டிவிடும். சவாரி விடுகிறவர்கள் ‘எதுவும் கொடுக்காதீர்கள்’ என்று ஒரு அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சாக்லேட் வேண்டாம். பட்டர் ஃப்ரூட் என்று நாம் சொல்லும் அவகேடோ, அதன் இலையும் தோலும் சேர்த்து, குதிரைக்கு விஷம். ஆமணக்குப் புண்ணாக்கைத் தோட்டத்து உரத்துக்காக வாங்கி லாயத்தில் வைப்பதும் பெரிய ஆபத்து. கடலைப் புண்ணாக்கு என்று நினைத்து ஆள் மாற்றிப் போட்டுவிட்டால் தப்பிப்பது அரிது. அந்தக் கடலைப் புண்ணாக்குமே நம் கடலோர ஈரக் காற்றில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். ‘வெயிலில் காயவைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும்’ என்பது தவறான நம்பிக்கை. பூசணத்தின் நஞ்சு வெயிலில் போகாது.

மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் தின்பண்டமாகக்கூடக் கொடுக்க வேண்டாம். அவற்றில் சிலவற்றில் மொனென்சின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் பழகிய அந்த மருந்து குதிரையின் இதயத்தைச் சிறு அளவிலேயே சிதைத்துவிடும்.

ஈ வராமலிருக்கத் தினமும் பூண்டு கொடுக்கிறவர்கள் உண்டு. பூண்டு அதிகமானால் குதிரையின் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும். வெங்காயமும் அப்படித்தான். ஈ விரட்டும் பலனைவிட இந்தக் கெடுதல் பெரிது என்பதால் நான் பூண்டு பக்கமே போக வேண்டாம் என்பேன்.

அப்படியென்றால் எதைக் கொடுப்பது? கேரட், தர்பூசணித் தோல், தோலோடு ஒரு வாழைப்பழம், வேகவைத்து ஆறிய கொள்ளு ஒரு கைப்பிடி. கேரட்டைக் காசு காசாக வட்டமாக நறுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். மாம்பழம் என்றால் கொட்டையை எடுத்துவிட்டு ஒரு துண்டு. பண்ருட்டிப் பலாச்சுளையை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உருண்டை பிடிப்பதற்கு அரிசித் தவிட்டை நம்புகிறவர்கள் அளவைப் பார்க்க வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் குறைவு. நாள்தோறும் படிக்கணக்கில் போனால் எலும்பு மெலிந்து முகமே ஊதிப்போகும். கொள்ளு வேகவைத்தது அன்றைக்கே தீர வேண்டும். நேற்றையது நுரைத்துப் புளித்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, முன்னங்காலால் தரையைப் பிராண்டினாலோ, படுத்துப் புரண்டாலோ, லத்தி நின்றுபோனாலோ, பாட்டிலில் நல்லெண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தீனியை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். புதுச்சேரிப் பக்கத்தவர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கடைசியாக லத்தி எப்போது போட்டது, என்ன தின்றது, மேலே என்ன தடவினீர்கள் என்று டாக்டர் கேட்பார். தடவிய மருந்தின் பாட்டிலையும் கொடுத்த தீனியில் ஒரு பிடியையும் எடுத்துவைத்திருந்தால் அவர் வேலை பாதி சுலபம். மண்ணெண்ணெய் போட்டிருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.