நீள்வில் அணியைக் களத்தில் நிறுத்தும் முறை

1415-இல் பிரான்சின் அஜின்கோர்ட்டில் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி பிரெஞ்சுப் படைக்கு எதிராகச் செய்ததுபோல், இருபுறமும் காடு அடைத்த குறுகலான நிலத்தைப் பிடியுங்கள். குதிரைப்படை பக்கவாட்டில் சுற்றி வந்துவிட்டால் வில்லாளர்கள் தப்ப முடியாது.

அடுத்து மரக்கழு. ஆளுக்கு ஒன்று, 6 அடி நீளம், இரு முனையும் சீவியது. மேல்முனை எதிரியை நோக்கிச் சாய்ந்து, குதிரையின் மார்பு உயரத்தில் நிற்க வேண்டும். சம்மட்டியால் அடித்து இறக்கும்போது முனை மழுங்கும், மறுபடி சீவுங்கள். இதற்கு நேரம் ஒதுக்காவிட்டால் மற்ற எல்லாம் வீண். 1429-இல் பிரான்சின் பட்டே என்ற இடத்தில் கழு நட்டு முடிக்கும் முன்பே பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்ந்து ஆங்கிலேய வில்லாளர்களைச் சிதறடித்தது.

பலரும் கோட்டைவிடுவது அம்புக் கணக்கில். ஒரு கட்டுக்கு 24 அம்பு. நிமிடத்துக்கு 6 எய்தால் 4 நிமிடத்தில் காலி. பின்னால் வண்டியும், கட்டுகளைச் சுமந்து ஓட ஆட்களும் கட்டாயம் வேண்டும். தொலைவில் சிக்கனமாக எய்யுங்கள். நல்ல எஃகுத் தகட்டுக் கவசத்தை அங்கிருந்து துளைப்பது அரிது. குதிரைகளை மிரளவைத்தாலே போதும். கிட்டே வந்தபின் தலைக்கவச முகமூடியின் இடுக்கு, அக்குள் என்று குறிபாருங்கள்.

மழை வந்தால் நாணைக் கழற்றி உலர்வாக வையுங்கள். அம்பு தீர்ந்ததும் வாளோ கோடரியோ சம்மட்டியோ எடுத்துக்கொண்டு, சேற்றில் சிக்கிய கவச வீரர்கள்மீது பக்கவாட்டிலிருந்து பாயுங்கள்.